கல்லில் உரித்த நார்

"அவன் கல்லிலேயே நார் உரிப்பான்" என்று எங்கள் பக்கத்தில் ஒருவரைச் சொன்னால் அவர் மகா கஞ்சன் என்று பொருள். கல்லில் ஏது நார்? நடக்காத காரியத்தை நடத்தி அதிலும் நாலு காசு பார்க்கிற ஆள் என்கிற கிண்டல் அது. ஆனால் நண்பர்களே, நார் உள்ள கல் நிஜமாகவே இருக்கிறது! பூமிக்குள்ளிருந்து வெட்டியெடுத்து நகத்தால் கீறினால் பஞ்சு மாதிரி இழை இழையாகப் பிரிந்து வரும். நெருப்பில் போட்டால் எரியாது, துணியாகக்கூட நெய்யலாம். தமிழில் இதற்குக் கல்நார் என்று அழகான பெயர் உண்டு. புத்தகத்தில் ஆஸ்பெஸ்டாஸ். எங்கள் ஊரில் 'ஆஸ்பட்டா சீட்டு'.

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத் தோழர்கள் கேட்டார்கள். கவிதைக்கு ஆள் இருக்கிறது, தன்னம்பிக்கைக் கட்டுரைக்கு ஆள் இருக்கிறது. சிவில் படிக்கிறவன் கூரையைப் பற்றி எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று இதை எடுத்துக்கொண்டேன். விடுதியில் இருப்பவர்கள் பக்கத்து அறையில் கேட்டுப் பாருங்கள், நாலில் ஒருவனாவது இந்த ஷீட்டின் கீழ் தூங்கி வளர்ந்தவனாக இருப்பான். சித்திரை மாதம் மதியம் ஃபேன் போட்டால் அனல் இறங்குமே, அந்தக் கூரைதான்.

ஷீட் என்பது சிமெண்ட்தான். அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு கல்நார் கலந்திருக்கும். வெறும் சிமெண்ட்டை ஆறு மில்லிமீட்டர் கனத்தில் மூன்று மீட்டர் நீளத்துக்கு வார்த்தால் தூக்கும்போதே முறிந்துவிடும். கான்கிரீட்டுக்குக் கம்பி என்ன செய்கிறதோ அதை இங்கே இந்த இழை செய்கிறது. ஆஸ்திரியா நாட்டில் லுட்விக் ஹாட்ஷெக் என்பவர் காகிதம் செய்கிற மாதிரி சிமெண்ட் கூழையும் கல்நாரையும் கலந்து தகடு எடுக்கும் முறைக்கு 1901-ல் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க இதே ஷீட்தான். மலிவு, துரு இல்லை, கரையான் இல்லை, தீப்பிடிக்காது. பொறியியல் கண்ணோடு மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல சரக்கு கிடையாது என்றே சொல்லத் தோன்றும்.

கெடுதல் எல்லாம் அந்த இழையில் இருக்கிறது. கல்நார் இழை நீளவாக்கில் பிரிந்துகொண்டே போகும். ஒரு தலைமுடியை நூறு நூறாகக் கிழித்தால் வருகிற மெல்லிசு. கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைத் தூசி கொஞ்ச நேரத்தில் தரையில் படிந்துவிடும். தெரியாதது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சில் போனால் நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய்க் குத்திக்கொண்டு நிற்கும், கரையாது. வருஷக்கணக்கில் தூசி வாங்கியவர்களுக்கு நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிப்போகிறது. அதற்கு அஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். நுரையீரல் புற்றுநோய் வருகிறது. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் மீசோதீலியோமா என்று ஒரு புற்றுநோய் வருகிறது, அது பெரும்பாலும் கல்நாரால் மட்டுமே வருவது. வெள்ளை, பழுப்பு, நீலம் என்று கல்நாரில் பல வகை உண்டு. எல்லா வகையுமே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேலையிடத்தில் பட்ட கல்நாரால் உலகில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்பதும் அவர்கள் கணக்குதான்.

இன்றைக்குத் தூசி பட்டால் நாளைக்கு இருமல் வராது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து வரும். இதுதான் இந்தச் சரக்கின் சாமர்த்தியம். பாம்பு கடித்தால் பாம்பை அடிக்கலாம். கடித்து முப்பது வருஷம் கழித்து விஷம் ஏறினால் எந்தப் பாம்பை அடிப்பது?

இதைப் படித்துவிட்டு யாரும் ஷீட் வீட்டுக்காரர்களை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். நாங்கள் ஷீட்டுக்கு மாறிய கதை வேறு. எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எனக்குப் பதினொரு வயது. எங்கள் வீடு கீற்று வீடு. புயல் முடிந்து விடிந்தபோது கீற்றும் இல்லை, கைமரமும் இல்லை, தோப்பில் தென்னையும் இல்லை. அப்பா தென்னை ஏறுகிறவர். மரமே இல்லை என்றால் எதில் ஏறுவார்? ஊர் முழுக்க மூன்று மாதம் ஷீட் வேலை நடந்தது. ஆள் கிடைக்கவில்லை. உயரத்துக்குப் பயப்படாத ஆள் என்பதால் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு ஏறியவர் இன்றுவரை ஷீட் வேலைதான். எங்கள் வீட்டுக்கு ஷீட் போட்ட அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தது. இனிமேல் தீப்பொறி பறந்து வந்தாலும் பயமில்லை, வருஷா வருஷம் கீற்று மாற்றுகிற செலவும் இல்லை. கீற்றின் கீழே பிறக்காதவர்களுக்கு அந்தப் பாயசத்தின் அருமை தெரியாது.

அதே புயலில் பழைய ஷீட்டுகளும் லட்சக்கணக்கில் நொறுங்கின. அந்தத் துண்டுகள் எங்கே போயின என்று நீங்கள் கேட்க வேண்டாம், எங்கள் பக்கம் பஸ்ஸில் வந்தால் தெரியும். வேலிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது, கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கிறது, சேற்று வழியில் கால் வைக்கப் போட்டிருக்கிறது. பிள்ளைகள் சில்லுக்கோடு ஆடுவதற்குக் கைக்கு அடக்கமான சில்லு ஷீட் உடைசலில்தான் கிடைக்கும்.

அப்பா வேலை செய்வதை நான் லீவு நாளில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஷீட்டின் மேட்டில்தான் ஓட்டை போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் மழை ஒழுகும். ஓட்டைக்கு டிரில்லிங் மெஷின். மூலையில் நாலு ஷீட் சேருகிற இடத்தில் முனை வெட்ட வேண்டும், அதற்குக் கட்டிங் மெஷின். வட்டக்கத்தி ஷீட்டில் பட்டதும் திருநீறு அள்ளி வீசியதுபோலப் புகை கிளம்பும். அப்பா தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து மூக்கில் கட்டிக்கொள்வார். வேலை முடிந்ததும் அதே துண்டால் முகம் துடைப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையும் கைலியும் கொடியில் தொங்கும். மறுநாள் அம்மா துவைக்கும் முன் அதை எடுத்து வாசலில் நின்று படார் படார் என்று உதறும். வெளிநாடுகளில் மீசோதீலியோமா வந்தவர்களில், கல்நார் வேலைக்கே போகாமல் வீட்டுக்காரர் சட்டையைத் துவைத்த பெண்களும் இருக்கிறார்கள் என்று படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2018-ல் ஆரம்பித்த வேலை. இருபது கூட்டினால் 2038. அப்போது எனக்கு முப்பத்தொன்று, அப்பாவுக்கு ஐம்பத்தேழு.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் மட்டும்தான். அதனால் வீட்டில் நான் சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டு, பயனில்லாத மதிப்பு. ரேஷன் கார்டு விண்ணப்பம், கரண்ட் பில், மாத்திரை அட்டையில் உள்ள பெயர், இதற்கெல்லாம் "தம்பியைக் கேளு" என்பார்கள். அப்பாவுடைய தொழிலைப் பற்றி நான் பேசினால், "சரி சரி, சாப்பிடு" என்பார்கள்.

"நீ சொல்றதெல்லாம் கம்பெனியில மூட்டை மூட்டையாக் கொட்டுறவனுக்குத் தம்பி. நான் வெட்டவெளியில நிக்கிறேன், காத்து அடிச்சுக்கிட்டுப் போயிருது."

அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஷீட் விற்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: சிமெண்ட்டுக்குள் இழை பூட்டிக் கிடக்கிறது, ஆபத்தில்லை என்று. நல்ல நிலையில், யாரும் தொடாமல் மேலே கிடக்கிற ஷீட்டால் பெரிய தூசி இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிரில் வைக்கும்போது பூட்டு திறக்கிறதே! முப்பது வருஷம் வெயிலும் மழையும் தின்று மேலே பாசி பிடித்த ஷீட்டில், சிமெண்ட் அரித்துப்போய் இழை வெளியே தெரிகிறதே! அதைச் சுத்தியலால் உடைக்கும்போது?

இந்த வாதத்தில் எனக்குக் கை கொடுத்தது சிங்கப்பூர் சித்தப்பா. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ரெண்டு பேர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருப்பார்கள். சித்தப்பா ஒரு வருஷம் பழைய கட்டடங்களைப் பிரிக்கிற கம்பெனியில் இருந்தது. அங்கே 1980-களின் கடைசியிலேயே கட்டடத்தில் கல்நார் போடுவதை நிறுத்திவிட்டார்கள். 2014-ல் தனி விதிமுறையே வந்தது. 1991-க்கு முன் கட்டிய கட்டடம் என்றால், ஒரு சுவரை இடிப்பதற்கு முன்னால்கூட, தெரிந்த ஆள் வந்து கல்நார் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இருந்தால் அனுமதி பெற்ற கம்பெனி மட்டும்தான் எடுக்கலாம், அதுவும் முன்கூட்டியே அரசாங்கத்துக்குச் சொல்லிவிட்டு.

"சோதனைக்கு வர்றவரு ஸ்குரூ டிரைவரும் தண்ணி பாட்டிலும் வச்சிருப்பாரு. கூரைய மட்டும் பார்க்க மாட்டாரு, தரையில ஒட்டுன டைல்ஸ், பைப்பைச் சுத்தியிருக்கிற கட்டு, பொய்க்கூரைப் பலகை எல்லாத்தையும் தட்டித் தட்டிப் பார்ப்பாரு. சந்தேகமா இருந்தா நனைச்சுட்டு எட்டணா அளவு துண்டு பேத்து, ரெண்டு கவர்ல போட்டு ஒட்டி, பேத்த இடத்தையும் ஒட்டிட்டுப் போவாரு" என்று சித்தப்பா போனில் சொன்னது.

அந்தத் துண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறது. அங்கே துருவ ஒளி நுண்ணோக்கியில் வைத்து என்ன இழை என்று சொல்கிறார்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கல்நார் இல்லாமல் வேறு இழை போட்டுச் செய்த சிமெண்ட் ஷீட்டும் இப்போது வருகிறது, ரெண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே வளைவு. அதனால் தெரியாத பழைய ஷீட் என்றால் கல்நார் என்றே வைத்துக்கொள் என்பதுதான் விதி. பிரிட்டனில் 2000-க்கு முன் கட்டிய கட்டடம் எல்லாமே இந்தச் சந்தேகத்தில் வரும்.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா என்று நினைப்பவர்களுக்கு ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் நடந்ததைச் சொல்கிறேன். 1968 முதல் 1979 வரை அங்கே குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று உதிரிக் கல்நாரை அப்படியே பொய்க்கூரைக்கு மேலே பஞ்சு மாதிரி ஊதி நிரப்பினார்கள். மக்கள் அந்த வியாபாரத்துக்கு வைத்த செல்லப் பெயர் மிஸ்டர் ஃப்ளஃபி. ஆபத்து என்று தெரிந்ததும் 1988-லிருந்து 1993 வரை அரசாங்கச் செலவில் வீடு வீடாக உறிஞ்சி எடுத்தார்கள். முடிந்தது என்று நினைத்தால் முடியவில்லை. சுவர் இடுக்கில், தரைக்கு அடியில், அலமாரிக்குள்ளே எல்லாம் இழை இறங்கியிருந்தது. கடைசியில் 2014-ல் அரசாங்கமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை விலைக்கு வாங்கி இடிப்பது என்று முடிவு செய்தது. ஓட்டை விழுந்த வீடில்லை, நண்பர்களே, குடியிருந்த நல்ல வீடுகள்!

பிரிட்டன் 1999-ல் தடை செய்தது. ஐரோப்பிய யூனியன் முழுக்க 2005. கனடா தானே வெட்டி விற்ற நாடு, அதுவும் 2018-ல் தடை செய்தது. அமெரிக்கா வெள்ளைக் கல்நாருக்கு 2024-ல் தடை உத்தரவு போட்டது. நம் நாட்டில் கடப்பா மாவட்டத்துப் புலிவெந்துலாவிலும் ராஜஸ்தானிலும் முன்பு வெட்டினார்கள். இப்போது ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வெள்ளைக் கல்நார் கப்பலில் வருகிறது, ஷீட் தடையில்லாமல் விற்கிறது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பு கொடுத்தது. கல்நார் தொழிற்சாலையில் வேலை செய்கிறவரின் உடல்நலப் பதிவேட்டை நாற்பது வருஷம், அல்லது ஓய்வு பெற்ற பின் பதினைந்து வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. நாற்பது வருஷம் என்று நீதிபதிகள் எழுதினார்கள் என்றால் அந்த நோய் எப்படி வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொழிற்சாலையில் இருப்பவருக்கு ஒரு பதிவேடாவது உண்டு. எங்கள் அப்பாவுக்கு மேஸ்திரியின் டைரியில் 'அரை நாள், முழு நாள்' என்று ஒரு கோடு உண்டு. பாதுகாப்பாகக் கையாள்வதற்கும் கழிவை அகற்றுவதற்கும் இந்தியத் தர நிர்ணயமே 1980-களில் எழுதி வைத்திருக்கிறது: நனை, உடைக்காதே, கையால் அறு, காய்ந்த தூசியைப் பெருக்காதே. நல்ல இங்கிலீஷில் இருக்கிறது. ஷீட் போடுகிறவர் யாரும் அதைப் பார்த்ததில்லை.

போன வைகாசியில் எங்கள் தெருவில் முறைக்குப் பெரியப்பா ஆகிற ஒருவர் ஷீட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட முடிவு செய்தார். 1994-ல் போட்ட கூரை. பதினாறு ஷீட். பிரிக்கிற வேலை அப்பாவுக்கு வந்தது. வழக்கமாக எப்படிப் பிரிப்பார்கள் தெரியுமா? ரெண்டு பேர் மேலே ஏறி, துருப்பிடித்த ஜே போல்ட்டின் தலையில் சுத்தியலால் நாலு போடு போடுவார்கள். போல்ட் வருவதற்குள் ஷீட் பாதி நொறுங்கும். மீதியைக் கீழே எறிவார்கள். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். சாயங்காலம் டிராக்டர் டிரெய்லரில் அள்ளிக் குட்டைக் கரையில் தட்டிவிடுவார்கள்.

நான் அப்பாவிடம் இந்த ஒரு வீட்டை மட்டும் நனைத்து, உடைக்காமல் இறக்கலாம் என்றேன். அப்பா உடனே கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. "ரெண்டு நாள் ஆகும். ரெண்டாவது நாள் கூலி யாரு குடுப்பா?"

பெரியப்பாவிடம் போனோம். "ஒரு நாள் வேலைக்கு ரெண்டு நாள் கூலியா? ஏன்டா, நீ படிக்கிற படிப்புக்கு என் தலையில மொளகா அரைக்கிறியா?" என்றார். தளத்துக்குக் கம்பியும் சிமெண்ட்டும் வாங்கி அவருக்கே மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் பேசித் தீர்ந்தது இப்படி: கீழே நிற்கிற ஆளுக்குப் பதிலாக நான் நிற்கிறேன், எனக்குக் கூலி வேண்டாம். அப்பாவுக்கும் கூட்டாளிக்கும் ஒன்றரை நாள் கூலி. முகக் கவசச் செலவு அவருடையது. கொரோனா காலத்துக்குப் பிறகு என்-95 என்றால் எல்லோருக்கும் தெரிகிறது, அந்த வகையில் வேலை சுலபம். துண்டும், நீல நிறத் துணிக் கவசமும் இந்த இழைக்கு வாசல் திறந்து வைத்த மாதிரிதான். ஆஸ்திரேலியாவில் பி-2, பிரிட்டனில் அதைவிட உயர்ந்த எஃப்.எஃப்.பி.-3 கேட்கிறார்கள். நம் மருந்துக் கடையில் கிடைப்பது என்-95, மூக்கில் இடைவெளி இல்லாமல் அழுத்திப் போட்டால் துண்டைவிட எவ்வளவோ மேல்.

முந்தின நாளே பெரியம்மாவைப் பாத்திரம் பண்டம், அரிசி, குடிதண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு மாற்றச் சொன்னோம். வீட்டுத் தரை முழுக்கத் தார்ப்பாய் விரித்தோம். போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற விட்டார் அப்பா. பூச்சி மருந்து அடிக்கிற தெளிப்பான் வேண்டாம் என்று சின்னதாகப் புதியது ஒன்று வாங்கினோம். வெறும் தண்ணீர் பழைய ஷீட்டில் ஓடிப்போகும், உள்ளே இறங்காது. சோப்புக் கலந்தால் இறங்கும். வெளிநாட்டில் அதற்கென்று ஒரு திரவம் விற்கிறார்கள். நாங்கள் ஒரு ரூபாய் ஷாம்பூ பாக்கெட் ரெண்டு பிய்த்துப் போட்டோம். மோட்டார் தண்ணீரை ஹோஸ் வைத்துப் பீய்ச்சினால் இழையை அதுவே அடித்துக் கிளப்பிவிடும், அதனால் பனி மாதிரித் தூவ வேண்டும்.

என்னை அப்பா மேலே ஏற விடவில்லை. பழைய ஷீட்டில் கால் வைக்கிற இடம் தெரிய வேண்டும். போல்ட் வரிசையின் மேல், அடியில் சட்டம் இருக்கிற இடத்தில் மட்டும்தான் மிதிக்கலாம். நடுவில் மிதித்தால் ஆளோடு உள்ளே போகும். இழை முப்பது வருஷத்தில் கொல்வது, இது ஒரு நொடியில். குறுக்கே ரெண்டு பலகை போட்டு அதன் மேல் உட்கார்ந்துதான் வேலை செய்தார்கள். ஸ்பேனருக்கு வந்த போல்ட் பாதி, வராத பாதியை ஷீட்டுக்கு அடியில் ஆக்ஸா பிளேடால் அறுத்தார்கள். ஒவ்வொரு ஷீட்டும் நாற்பது கிலோ வரும். சாய்த்து வைத்த சவுக்குக் கம்புகளின் மேல் கயிறு கட்டிச் சறுக்கி இறக்க, நான் கீழே பிடித்துப் படுக்க வைத்தேன். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த மூன்றிலும் முதலிலேயே டேப் ஒட்டிவிட்டோம். பதினாறில் பதினைந்து முழுசாக இறங்கியது. ஒன்று கயிறு நழுவி முனை உடைந்தது. நனைந்திருந்ததால் தூசி கிளம்பவில்லை, பிட்டு உதிர்ந்த மாதிரி உதிர்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கூட்டாளி அண்ணன், "ஆமாண்ணே, நனைச்சா சட்டையில ஒட்டவே இல்ல" என்றார். அதுவரை அவர் சிரித்துக்கொண்டே இருந்தவர்.

கடலை காயப்போடுகிற தடித்த பாலித்தீனில் சுற்றி, டேப் போட்டு, மேலே பெயிண்ட்டால் 'கல்நார், உடைக்காதே' என்று எழுதினேன். தார்ப்பாயில் விழுந்ததை விளக்குமாறு படாமல் ஈரத் துணியால் வழித்து, துணியோடு பையில் கட்டினோம். மூவரும் போட்டிருந்த பழைய சட்டை கைலியும் அந்தப் பைக்குள் போனது. போர் செட்டில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனோம். அம்மாவுக்கு உதற எதுவும் இல்லை. சிங்கப்பூரில் வேலை முடிந்ததும் காற்றை உறிஞ்சி எடுத்து இழையை எண்ணிப் பார்ப்பார்கள். எங்களிடம் அந்தக் கருவி கிடையாது. ஆகவே இதை அந்த முறை என்று நான் சொல்லவில்லை, சுத்தியலைவிட நல்ல முறை என்று மட்டும் சொல்கிறேன்.

பிரச்சினை அன்று மாலை ஆரம்பித்தது. ஆடு வளர்க்கிற ஒரு அத்தை வந்து நின்றது. "பதினஞ்சு சீட்டு முழுசா இருக்கே. அதைப் போயி பொணம் மாதிரி சுத்தி வச்சிருக்கீங்களே. எனக்கு ஒரு நாலு குடுங்கய்யா, ஆடு மழையில நிக்குது."

எனக்குப் பதில் வரவில்லை. அத்தைக்கு நுண்ணோக்கிக் கதை சொல்லவா? அத்தையின் ஆட்டுக்கு மழை இன்றைக்கு, இழை 2045-ல். பெரியப்பாவுக்கோ கொடுத்தால் இடம் காலியாகும் என்கிற ஆசை. நான் வேண்டாம் என்று சொன்னால் படித்த திமிர் என்பார்கள். அப்பாதான் பேசினார். "இதை மறுபடி மாட்டணும்னா மறுபடி ஓட்டை போடணும் தங்கச்சி. முப்பது வருஷச் சீட்டு, நொறுங்கும். நான் ஞாயித்துக்கிழமை வந்து கீத்து போட்டுத் தர்றேன், கூலி வேணாம்." ஏழு வருஷத்துக்குப் பிறகு அப்பா கீற்று முடைந்ததை அன்றைக்குப் பார்த்தேன். கை மறக்கவில்லை.

அந்த ஷீட்டுகளை எங்கே கொடுப்பது என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டேன். நல்ல மனிதர்கள்தான், டீ வாங்கிக் கொடுத்தார்கள். "குப்பைன்னா மக்குறது, மக்காததுன்னு ரெண்டு இருக்கு தம்பி. இதுக்குன்னு தனியா வண்டி எதுவும் வரலை" என்றார்கள். தொழிற்சாலைகளின் அபாயக் கழிவைப் புதைக்கக் கும்மிடிப்பூண்டியில் தனி இடம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். பதினாறு ஷீட்டுக்கு லாரி வாடகை கொடுத்தால் பெரியப்பா தளத்தைப் பாதியில் நிறுத்த வேண்டும். பழைய பேட்டரிக்கும் பழைய இரும்புக்கும் வீட்டு வாசலில் வந்து எடுத்துப்போக ஆள் இருக்கிறது. தாலுகாவுக்கு ஒரு இடம், மூடிய ஒரு குழி, மாதம் ஒரு நாள் ஒரு டிராக்டர் என்று ஆரம்பித்தால்கூடப் போதும் என்று மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரசீது வாங்கி வைத்திருக்கிறேன்.

ஷீட்டுகள் பெரியப்பா வீட்டுக் கொல்லையில் செங்கல் மேல் அடுக்கியபடி இருக்கின்றன. வாழை வைக்க இடமில்லை என்று பெரியம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறது. பீடி பிடிக்கிறவர்களுக்குக் கல்நாரால் புற்றுநோய் வருகிற வாய்ப்பு பல மடங்கு என்று அப்பாவிடம் சொன்னேன். அந்த ஒரு பேச்சு மட்டும் இன்னும் எடுபடவில்லை. அடுத்த வாரம் பேராவூரணிப் பக்கம் ஒரு பழைய நெல் குடோன், இருபத்திரண்டு ஷீட். தெளிப்பானைக் கழுவி சைக்கிள் கேரியரில் கட்டியிருக்கிறார். ரெண்டாவது நாள் கூலிதான் இன்னும் பேசி முடியவில்லை.